மொரோக்கோவில் முதல் மூன்று மாதங்கள்

மொரோக்கோ என்றதும் ஒட்டகத்தையும் மணல்மேட்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு மெல்லிய பருத்திச் சட்டைகளோடு வந்து இறங்குபவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது குளிரைப் பற்றித்தான். காசாபிளாங்கா, ரபாத் போன்ற அட்லாண்டிக் கரை நகரங்களில் வெளியே வெயில் இதமாகவே இருக்கும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் தரை முழுதும் ஓடு பதித்திருப்பதாலும், சூடேற்றும் வசதி இல்லாததாலும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தெருவைவிட வீட்டுக்குள்தான் அதிகம் குளிரும். கூடத்தில் பகல் வெயில் விழுகிறதா என்று பார்த்த பிறகே வாடகையைப் பேசுங்கள். கோடையில் 40 பாகையைத் தாண்டும் மராக்கேஷும், பனி பொழியும் மலையூரான இஃப்ரானும் இதே நாட்டில்தான் இருக்கின்றன.

90 நாட்களுக்கு மேல் தங்குபவர்கள், அந்தக் கெடு முடிவதற்குள் தாம் வசிக்கும் நகரத்துக் காவல்துறையின் வெளிநாட்டவர் பிரிவில் வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதை இங்கே எல்லோரும் 'கார்த் தெ செஜூர்' என்றே சொல்கிறார்கள். வேலைக்கு வருபவரின் ஒப்பந்தத்தில் தொழிலாளர் அமைச்சகத்தின் ஒப்புதல் முத்திரை இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் நீங்களும் வீட்டுக்காரரும் இட்ட கையெழுத்தை 'முக்காத்தா' எனப்படும் வட்டார அலுவலகத்தில் சரிபார்த்து முத்திரை வாங்காவிட்டால் அந்தத் தாள் எங்கும் எடுபடாது. பட்டச் சான்றிதழுக்கும் திருமணச் சான்றிதழுக்கும் இந்தியாவிலேயே 'அப்போஸ்டில்' எனப்படும், வெளிநாட்டில் செல்லுபடியாகச் செய்யும் முத்திரையைப் பெற்றுக்கொண்டு கிளம்புங்கள். இங்கு வந்தபின் தாள்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டுக் காத்துக் கிடந்தவர்களில் நானும் ஒருவன்.

அரபும், 2011 அரசமைப்புச் சட்டத்தின்படி பெர்பர் மக்களின் அமசிக் மொழியும் ஆட்சிமொழிகள். வங்கியிலும் மருத்துவமனையிலும் பிரெஞ்சு ஓங்கி நிற்கிறது. தெருவில் பேசப்படுவதோ தாரிஜா என்னும் மொரோக்கோ அரபு. வளைகுடாவில் பத்தாண்டு இருந்தவர்கள்கூட முதல் வாரம் திணறுவார்கள், ஏனெனில் அங்கே 'கம்' என்று விலை கேட்டவர் இங்கே 'பிஷ்ஹால்' என்று கேட்க வேண்டும். கேட்டால் வரும் பதிலும் எளிதன்று. ஒரு கட்டுப் புதினாவையும் இரண்டு கிலோ தக்காளியையும் தராசிலிருந்து எடுத்துத் தரும் முதிய வியாபாரி 'இருநூறு' என்பார். 200 திர்ஹமா என்று திகைக்க வேண்டாம். அவர் சொல்வது ரியால் கணக்கு. நம் ஊரில் 25 காசை நாலணா என்று சொல்லிவந்ததைப் போல, நாணயமாக இல்லாத ரியால் இங்கே பேச்சில் மட்டும் வாழ்கிறது. 20 ரியால் 1 திர்ஹம். ஆகவே நீங்கள் கொடுக்க வேண்டியது 10 திர்ஹம். வீடு, கார் விலையைப் பேசும்போது கணக்கு திர்ஹமில் நூறில் ஒரு பங்கான சென்டிமுக்கு மாறிவிடும். அங்கே 'ஒரு மில்லியன்' என்பது 10,000 திர்ஹம்.

சாப்பாட்டில் நமக்கு அந்நியமானவை குறைவு. மடித்துச் சுடும் மிசெம்மன் நம் வீச்சுப் பரோட்டாவின் உறவுக்காரர். பக்ரீர் துளைகள் நிறைந்த ஆப்பம் போலிருக்கும். காலையில் எண்ணெயிலிருந்து எடுத்து ஓலைநாரில் கோத்துத் தரும் ஸ்ஃபெஞ்சைப் பார்த்தால் மெதுவடைதான் நினைவுக்கு வரும், கடித்தால் அது மைதா. ரவை மலிவாகக் கிடைப்பதால் உப்புமாவுக்குக் கவலையில்லை. கொத்தமல்லித் தழை எந்தச் சந்தையிலும் உண்டு. உளுந்து, புளி, பெருங்காயம், காய்ந்த கறிவேப்பிலை ஆகியவற்றை மட்டும் கொண்டு வாருங்கள். சைவ உணவினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரவை மணிகளை ஆவியில் வேகவைத்து 'காய்கறி குஸ்குஸ்' என்று வைக்கப்படுவது பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் வெந்ததாகவே இருக்கும். வெள்ளிக்கிழமை மதியம் யார் வீட்டுக்காவது அழைக்கப்பட்டால், நடுவில் வைத்த பெரிய தட்டில் உங்கள் பக்கத்தில் உள்ளதை மட்டும் வலக்கையால் எடுத்து உண்ணுங்கள்.

நகருக்குள் 'பெத்தி டாக்சி' மீட்டரில் ஓடும். மூவருக்கு மேல் ஏற்றாது. காசாபிளாங்காவில் அது சிவப்பு, ரபாத்தில் நீலம். ஊர்விட்டு ஊர் செல்ல ஆறு பேர் பகிர்ந்துகொள்ளும் 'கிராண்ட் டாக்சி' உண்டு; தொடர்வண்டி இருந்தால் அதுவே நல்லது. 2018இல் தொடங்கிய அல் புராக் அதிவேக வண்டி காசாபிளாங்காவையும் டான்ஜியரையும் இணைக்கிறது. சென்னையை அடுத்த ஒரகடத்தைப் போலவே டான்ஜியரிலும் ரெனோ கார் ஆலை இருக்கிறது. அந்நகரின் விமான நிலையம் உலகப் பயணி இபின் பதூதாவின் பெயரைத் தாங்கியது. 1304இல் அங்கே பிறந்து, 1340களில் மதுரைக்கு வந்து, அங்கே பரவியிருந்த கொள்ளைநோயைக் கண்டு எழுதியவர் அவர்.

முஸ்லிம் அல்லாதவர்கள் பெரும்பாலான பள்ளிவாசல்களுக்குள் நுழைய இயலாது. காசாபிளாங்காவின் இரண்டாம் ஹசன் பள்ளிவாசலை வழிகாட்டியோடு பார்க்கலாம். அரசரைப் பற்றியும் மேற்கு சகாராவைப் பற்றியும் விவாதிக்க வேண்டாம். காவலர்களைப் படம் பிடிக்க வேண்டாம். காவல்துறைக்கு 19, ஆம்புலன்சுக்கு 15.

ரமலான் பகலில் பொது இடத்தில் உண்பதைத் தவிர்த்துவிடுங்கள். 2018 முதல் கிரீன்விச்சுக்கு 1 மணி நேரம் முன்னே ஓடும் இந்நாட்டுக் கடிகாரம் அந்த மாதத்தில் மட்டும் பின்னே தள்ளி வைக்கப்படும். இந்தியாவுடனும் இலங்கையுடனுமான நேர இடைவெளி நாலரை மணியிலிருந்து ஐந்தரையாகிவிடும். அப்போது இரவு 8 மணிக்கு அம்மாவை அழைத்தால் அங்கே நள்ளிரவு தாண்டி 1.30 ஆகியிருக்கும்.