கல்லூரியில் புதிய பாடம் ஒன்றை முன்மொழிவது எப்படி? புதிய ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

புதிய பாடம் நடத்தும் ஆசை வந்தவுடன் பல ஆசிரியர்கள் ஒரு தாளை எடுத்து ‘அலகு ஒன்று’ என்று எழுதி, தமக்குப் பிடித்த தலைப்புகளை அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அலகுகள் கடைசியில் வரவேண்டியவை. பாடம் முடிந்தபின் மாணவரால் எதைச் செய்ய முடியும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு பின்னோக்கி வந்தால், ஒப்புதல் தரும் குழுவில் எழும் கேள்விகளில் பாதிக்கு மேல் முன்மொழிவிலேயே விடை இருக்கும்.

இங்கே பேசுவது ஒரு செமஸ்டரில் முடியும் ஒற்றைப் பாடத்தைப் பற்றி மட்டும். முழுப் பட்டப்படிப்பைத் தொடங்குவது வேறு கதை. எடுத்துக்காட்டாக, கலைத்துறை மாணவர்களுக்குத் ‘தரவுகளும் வரைபடங்களும்’ என்ற மூன்று கிரெடிட் (பாடத்தின் படிப்புச் சுமையை அளக்கும் எண்) விருப்பப் பாடத்தை வைத்துக்கொள்வோம்.

படி 1: எழுதும் முன் பேசுங்கள்

முதலில் கல்லூரியின் பாடப் பட்டியலை முழுவதும் புரட்டுங்கள், உங்கள் துறையோடு நின்றுவிட வேண்டாம். நம் பாடத்தைப் பார்த்ததும் புள்ளியியல் துறை “இது எங்கள் வேலை” என்று சொல்லும். அதைக் கூட்டத்தில் கேட்பதைவிட இப்போதே நேரில் போய்க் கேட்டுக்கொள்வது நல்லது. எது பொதுவாக வருகிறது, எது வேறுபடுகிறது என்று பேசி முடித்து, ஆட்சேபம் இல்லை என்று இரண்டு வரி எழுதி வாங்கி வையுங்கள். அந்தக் கடிதம் பின்னால் ஒரு மணி நேர வாக்குவாதத்தை மிச்சப்படுத்தும்.

துறைத் தலைவரிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இந்தப் பாடத்தை எடுக்க உங்கள் வேலைநேரத்தில் இடம் உண்டா? குழுக்கள் எப்போது கூடுகின்றன? துறைக் கூட்டம், பாடத்திட்டக் குழு, கல்விக் குழு என்று கோப்பு படியேற வேண்டியிருக்கும். பெயர்கள் இடத்துக்கு இடம் மாறினாலும் வரிசை ஏறக்குறைய இதுதான். மாணவர் பதிவு தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்தக் கூட்டத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் சில இடங்களில் ஓராண்டே தள்ளிப்போகும்.

படி 2: தேவையைக் காட்டுங்கள்

‘மாணவர்களிடையே பெரும் ஆர்வம் உள்ளது’ என்ற வரியை எந்தக் குழுவும் பொருட்படுத்துவதில்லை. இந்தப் பாடம் வேண்டுமா என்று கருத்துக்கணிப்பு நடத்தினால் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள், ஆம் சொல்வதற்குச் செலவில்லை அல்லவா? “இதை எடுக்க, இப்போது எடுக்கும் எந்தப் பாடத்தை விடுவீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் சொல்பவர்கள்தான் உண்மையில் வந்து சேரக்கூடியவர்கள். இறுதியாண்டு ஆய்வேடுகளில் வரைபடங்கள் எப்படித் தவறாக வரையப்பட்டுள்ளன என்று மாணவர் பெயர் நீக்கிய நான்கைந்து சான்றுகளை இணைத்தால், அது பத்துப் பக்க முன்னுரையைவிட வலுவாக இருக்கும்.

படி 3: கற்றல் விளைவுகள்

பாடம் முடிந்தபின் மாணவரால் எதைச் செய்ய முடியும் என்று சொல்லும் வரிகளே கற்றல் விளைவுகள். அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பலர் இந்தப் பகுதியைக் கடைசி நாளில் வேறொரு பாடத்திட்டத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுகிறார்கள், படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் 1956இல் வகுத்த கற்றல் படிநிலைகளை ஆண்டர்சனும் கிராத்வோலும் 2001இல் திருத்தியமைத்தார்கள்: நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல். முன்மொழிவுப் படிவங்களில் வினைச்சொல் பட்டியல் ஒன்று இணைந்திருந்தால் அது பெரும்பாலும் இதிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். எழுதியதைப் பார்த்து ‘இதைத் தேர்வில் சோதிக்க முடியுமா?’ என்று கேட்டுக்கொண்டால் போதும்.

பொதுவாக எழுதப்படுவது: ‘மாணவர்கள் வரைபடங்களின் முக்கியத்துவத்தை அறிந்துகொள்வர்.’ அறிந்துகொண்டார்களா என்று எப்படிப் பார்ப்பது? இப்படி மாற்றலாம்: ‘செய்தித்தாளில் வந்த பட்டை வரைபடம் ஒன்றில் செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்காததால் எழும் தவறான தோற்றத்தைச் சுட்டிக்காட்டி, அதே தரவைக் கொண்டு சரியான வரைபடத்தை வரைவர்.’ இதில் வினாத்தாளே பாதி எழுதப்பட்டுவிட்டது. இப்படி நான்கு அல்லது ஐந்து விளைவுகள் போதும். பன்னிரண்டு எழுதியிருந்தால், ஒன்றையும் தீர்மானிக்கவில்லை என்று பொருள்.

படி 4: மதிப்பீடு

கற்பித்தல், மதிப்பீடு, விளைவு மூன்றும் ஒரே திசையில் நிற்க வேண்டும் என்பதைக் கல்வியியல் அறிஞர் ஜான் பிக்ஸ் 1996இல் விரிவாக எழுதினார். நடைமுறையில் இது ஒரு சிறு அட்டவணை: இடப்பக்கம் விளைவுகள், மேலே தேர்வு, பயிற்சித்தாள், செயல்திட்டம். எந்த விளைவு எதில் சோதிக்கப்படுகிறதோ அந்தக் கட்டத்தில் குறியிடுங்கள். ஒரு வரிசை முழுக்கக் காலியாக இருந்தால் அந்த விளைவு வெறும் அலங்காரம். வரைபடம் வரையக் கற்றுக்கொடுத்துவிட்டு, மதிப்பெண்ணை எல்லாம் மூன்று மணி நேர எழுத்துத் தேர்வுக்கு வைப்பது நம் பாடத்தில் செய்யக்கூடாத ஒன்று.

படி 5: நேரக் கணக்கு

கிரெடிட்டின் பொருள் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, ஓராண்டுக்கு 60 கிரெடிட். அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ 15 வாரங்களுக்கு வாரம் ஒரு மணி வகுப்பும் இரண்டு மணி வெளிவேலையும் (வகுப்புக்கு வெளியே மாணவர் செய்யும் படிப்பு). இந்தியாவில் பொதுவாக ஒரு செமஸ்டரில் 15 மணி நேரக் கருத்தியல் வகுப்பு அல்லது 30 மணி நேரச் செய்முறை.

அமெரிக்கக் கணக்குப்படி நம் மூன்று கிரெடிட் பாடத்துக்கு வகுப்பு 45 மணி, வெளிவேலை 90 மணி. செயல்திட்டத்துக்கு 40 மணி ஒதுக்கினால் மீதி 50. வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மணிக்கு 20 பக்கம் என்று வைத்தாலும் வாரம் அறுபது, அறுபத்தைந்து பக்கங்களுக்கு மேல் வாசிக்கக் கொடுக்க முடியாது. உங்கள் நூற்பட்டியலை இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பாதியை வெட்ட வேண்டியிருக்கும், மனம் கனத்தாலும் வெட்டிவிடுங்கள்.

படி 6: இப்போது வாரத் திட்டம்

வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட வரைபடங்கள், 1854 லண்டன் காலராவின்போது இறப்புகளை ஜான் ஸ்னோ நிலப்படத்தில் குறித்தது, படைவீரர் இறப்புகளைக் காட்ட ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858இல் வெளியிட்ட வட்ட விளக்கப்படம் எல்லாமே சுவையான கதைகள். விட்டால் இவையே ஆறு வாரங்களைத் தின்றுவிடும். ஒவ்வொன்றும் எந்த விளைவுக்கு உதவுகிறது என்று கேளுங்கள், உதவாததை ஒரு வகுப்பில் பத்து நிமிடம் சொல்லி முடித்துவிடலாம். 1973இல் புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் தந்த நான்கு தரவுத் தொகுதிகளுக்கு மட்டும் நான் ஒரு முழு வகுப்பு கொடுப்பேன். சராசரியும் ஒட்டுறவும் (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் எண்) நான்கிலும் ஏறத்தாழ ஒன்றே, வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு விதம். மாணவர் தம் கையால் வரைந்து அதிர வேண்டிய பயிற்சி அது.

படி 7: வளங்களும் இரண்டாவது ஆசிரியரும்

கணினி அறை, மென்பொருள், நூலகத் தேவை இவற்றை மறைக்காமல் எழுதுங்கள். செலவே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள், குழுவுக்குப் பிடித்த வாக்கியம் அது. நீங்கள் விடுப்பில் போனால் யார் எடுப்பார்கள் என்ற கேள்வியும் கட்டாயம் வரும். சம்மதித்த இன்னொருவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள். முன்தேவைப் பாடங்களை (இதில் சேர முன்பே படித்திருக்க வேண்டியவை) கூடியவரை குறையுங்கள், ஒவ்வொன்றும் சேரும் மாணவர் எண்ணிக்கையைக் குறைக்கும்.

படி 8: குழுவின் முன்

உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வரும் வழியில்தான் கோப்பைத் திறப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு முதல் பக்கத்தை அமையுங்கள்: பாடத்தின் பெயர், யாருக்கு, ஏன், ஐந்து விளைவுகள், செலவு. ‘திருத்தங்களுடன் ஏற்கப்பட்டது’ என்ற முடிவு வந்தால் வருந்த வேண்டாம், அது நல்ல செய்தி. கேட்ட திருத்தம் ஒருபுறம், செய்த மாற்றம் மறுபுறம் என்று அட்டவணையாகத் திருப்பி அனுப்புங்கள். ஏற்காத திருத்தத்துக்குக் காரணத்தை ஒரே வரியில் சொல்லுங்கள். முழு ஒப்புதல் இழுத்துக்கொண்டே போனால், ‘சிறப்புத் தலைப்புகள்’ போன்ற பொதுப் பெயரில் ஒரு செமஸ்டர் சோதனையாக நடத்த வழி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். பல கல்லூரிகளில் உண்டு. அப்போது கிடைக்கும் மாணவர் எண்ணிக்கையும் செயல்திட்டங்களும் அடுத்த முன்மொழிவில் படி 2க்கான சான்றுகளாகிவிடும்.

ஒப்புதல் வந்ததும் கூட்டக் குறிப்பின் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, பதிவுத் தளத்தில் பாடக் குறியீடு, கிரெடிட், முன்தேவை மூன்றும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பதிவு தொடங்கும் முன்பே பாருங்கள். குறியீடு தவறினால் எந்த மாணவராலும் உங்கள் பாடத்தில் சேர முடியாது.