பழைய சர்வர்ல டிஸ்க் போடப் போறியளா? டிஸ்க் விலைய கடைசியா பாருங்க

கோயில் கொடை சீசன் முடிஞ்சா நம்ம ஸ்டுடியோல டிஸ்க் பூரா நெறஞ்சிரும். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, சாமக்கொடைன்னு விடிய விடிய எடுத்தத எங்க வைக்க? புது நாஸ், அதாவது நெட்வொர்க்ல மாட்டுத ஸ்டோரேஜ் பெட்டி, வாங்க காசு இல்ல, அதனால டெல் ஆர்710 சர்வர் ஒண்ண செகண்ட்ஸ்ல எடுத்து பாளையங்கோட்டைல மாடிப்படிக்கு அடியில வச்சிருக்கேன். 2009ல வந்த மாடல், 3.5 இஞ்ச் டிஸ்க் ஆறு போடலாம். இப்ப அதே மாதிரி பெட்டி எடுத்த பயலுவ எல்லாம் "அண்ணாச்சி, எந்த டிஸ்க் சீப்பா கெடைக்கும்"னுதான் மொதல்ல கேக்காவ. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், அங்கனதான் சறுக்குனது.

மொதல்ல மூடியக் கழட்டி ரெய்டு கார்டு, அதாவது பல டிஸ்க்க ஒண்ணாச் சேத்து ஓட்டுத கார்டு, எதுன்னு பாருங்க. என்னதுல இருந்தது பெர்க் 6ஐங்கிற கார்டு. அது செக்டார, அதாவது டிஸ்க்ல டேட்டா வைக்குத சின்னக் கட்டத்த, 32 பிட் நம்பர்லதான் எண்ணும், ஒரு செக்டார் 512 பைட், பெருக்கிப் பாத்தா 2.2 டெராதான் வருது, அதுக்கு மேல எண்ண அதுக்கு விரலு கெடையாது. இது தெரியாம 4 டெரா டிஸ்க் ரெண்டு வாங்கிட்டு வந்து சொருகுனேன், பாதிதான் காட்டுச்சு, டிஸ்க் போலின்னு நெனச்சு கடைக்காரர்ட்ட சண்டைக்குப் போனா அவரு ஒரு சாதா கம்ப்யூட்டர்ல போட்டு முழுசையும் காட்டிட்டாரு, எனக்கு மூஞ்சிய எங்க கொண்டு வைக்கன்னு தெரியல. ஹெச்700ங்கிற கார்டு போட்டு, அதுக்குள்ள ஓடுத சாஃப்ட்வேரான ஃபர்ம்வேர புதுசா ஏத்துனா சரியாவும், ஆனா கேபிளும் மாறும், 6ஐக்கு உள்ள சாக்கெட்டு வேற. நான் கார்ட மட்டும் வரவழைச்சிட்டு கேபிளுக்காக ஒரு வாரம் பெட்டியத் தொறந்து போட்டுக் காத்துக் கெடந்தேன். கார்டு மாத்தியும் எம்பிஆர்ங்கிற பழைய முறையில டிஸ்க்கப் பிரிச்சு பார்ட்டிஷன் போட்டியன்னா மறுபடியும் அதே 2 டெரா சுவருதான், ஜிபிடிங்கிற புது முறையில போடுங்க.

செகண்ட்ஸ்ல சாஸ் டிஸ்க், அதாவது சர்வருக்குன்னே உள்ள இணைப்பு வச்ச டிஸ்க், கொள்ளை மலிவா கெடைக்கும், ஏன்னா சாதா கம்ப்யூட்டர்ல அத சொருகவே முடியாது. சாஸ் கார்டுல, சாதா கம்ப்யூட்டர்ல உள்ள சாட்டா டிஸ்க் ஓடும், சாட்டா போர்ட்டுல சாஸ் ஓடாது, அவ்வளவுதான். ஆனா பெரிய ஸ்டோரேஜ் பெட்டியில இருந்து கழட்டுன டிஸ்க்ல செக்டார் 520 பைட்டா இருக்கும், சில ஆளுங்க அத சொல்லாமலே தலைல கட்டிருவாவ. 512க்கு ஃபார்மேட் பண்ணலாம், ஆனா ரெய்டு கார்டுல முடியாது, ரெய்டு போடாம டிஸ்க்க அப்படியே காட்டுத ஐடி மோடு கார்டு வேணும், மணிக்கணக்கா ஓடும்.

புது டிஸ்க்னா எஸ்எம்ஆர் இல்லாததான்னு கேட்டு வாங்குங்க. நம்ம ஓட்டு வீட்டுல ஓடு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கும்லா, அந்த மாதிரி எஸ்எம்ஆர் டிஸ்க்ல டேட்டா எழுதுத டிராக்க அடுக்கிருப்பாவ, நடுவுல ஒண்ண மாத்தணும்னா பக்கத்துல உள்ளதையும் பிரிச்சு மேயணும். ரெய்டுல ஒரு டிஸ்க் போயி, புது டிஸ்க்ல டேட்டாவ திரும்ப எழுதுத ரீபில்டு ஓடுச்சுன்னா சவம் நாள் கணக்கா இழுக்கும். நாஸ்னு பேரு போட்டிருக்கேன்னு நம்பாதீங்க, 2020ல வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட்டுலயே 2லருந்து 6 டெரா வரைக்கும் சில மாடல் எஸ்எம்ஆர்தான்னு வெளிய வந்துச்சு. ஆறு பெரிய டிஸ்க்க, ஒரு டிஸ்க் செத்தா மட்டும் தாங்குத ரெய்டு 5ல போடுத கோட்டித்தனத்தையும் விட்டுருங்க, ரீபில்டு ஓடும்போது இன்னொண்ணு மண்டையப் போட்டா மொத்தமும் காலி, இன்னும் ஒரு டிஸ்க் அளவு எடம் கூடப் போனாலும், ரெண்டு டிஸ்க் செத்தாலும் தாங்குத ரெய்டு 6 போடுங்க.

ரெய்டு கார்டுல ஒரு சின்ன பேட்டரி இருக்கும், பழைய பெட்டியில அது அநேகமா செத்திருக்கும். செத்தா கேஷ, அதாவது டேட்டாவ கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்குத கார்டு மெமரிய, வச்சு எழுதாது, எழுதுத ஸ்பீடு படுத்துரும். உடனே செட்டிங்ல போயி கேஷ கட்டாயமா ஆன் பண்ணி விடுதாவ. நம்ம ஊர்ல இடி மழைன்னா கரண்ட்டு போயி போயி வரும், அந்த நேரம் கேஷ்ல நின்னது எல்லாம் போச்சு. பேட்டரி மாத்துங்க, யூபிஎஸ்ஸும் வேணும்.

இதெல்லாம் வேண்டாம், யூஎஸ்பி டிஸ்க் ஒண்ண பின்னால மாட்டிருதேன்னு ஒரு தம்பி சொன்னான். இந்தப் பெட்டியில உள்ளது யூஎஸ்பி 2, செகண்டுக்கு 30 எம்பி சொச்சந்தான் போவும். ராத்திரி காப்பி போட்டு விட்டுட்டுத் தூங்கி, காலைல டீ குடிச்சிட்டு வந்து பாத்தா 1 டெரா கூட ஏறியிருக்காது.