தேக்கா பூக்கடைப் பேச்சைப் பதிவு செய்வது எப்படி

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா வட்டாரம் 1989இல் பழைய கட்டடங்களைக் காக்கும் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதனால் பழைய கடைவீடுகள் நிற்கின்றன. ஆனால் உள்ளே பூ விற்பதா காப்பி விற்பதா என்பதை வாடகைதான் முடிவு செய்கிறது. ஒரு பூக்கடை மூடினால் அங்கே புழங்கிய சொல்லும் கைக்கணக்கும் கூடவே போய்விடும். அவற்றைப் பிடித்து வைக்க ஒரு கைப்பேசியும் அதில் செருகும் சிறு ஒலிவாங்கியும் மூன்று மதியங்களும் போதும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். மூத்த வியாபாரிகள் "பழைய மார்க்கெட்" என்றால் அது 1915இல் கட்டிய கண்டாங் கெர்பாவ் சந்தை. 1982இல் சந்தை சாலைக்கு எதிர்ப்புறம் மாறியது. அப்போது சூஜியாவ் என்று வைத்த பெயர் 2000இல்தான் தேக்கா ஆனது. இது தெரியாமல் கேட்டால், அவர் எந்தச் சந்தையைச் சொல்கிறார் என்பது பதிவில் குழம்பிவிடும்.

செவ்வாய், வெள்ளி, அமாவாசை, பௌர்ணமி நாட்களைத் தவிருங்கள். தீபாவளி, பொங்கல், தைப்பூச வாரங்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம். மற்ற நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் குறைந்திருக்கும், உட்கார்ந்து கட்டுவார்கள். முதல் நாள் இரண்டு முழம் வாங்கி, "அக்கா, நாளைக்கு வந்து நீங்க கட்டுறதப் பதிவு பண்ணலாமா?" என்று நேராகக் கேளுங்கள். கட்டுபவர் வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர் என்றால் முதலாளியிடமும் சம்மதம் வாங்க வேண்டும். பின்னால் அவருக்குத் தொல்லை வரக்கூடாது.

ஒலிவாங்கியைச் சட்டையில், முகவாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டுங்கள். கடை மின்விசிறி நேராக அதன்மேல் அடித்தால் பேச்சு முழுக்க இரைச்சலாகும். பஞ்சு உறை போட்டு, ஆளைச் சற்றுத் திருப்பி உட்கார வையுங்கள். கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைக்காவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுந்துவிடும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தட வேவ் (WAV, சுருக்காத ஒலி) கோப்பு ஒரு மணிக்கு சுமார் 345 மெகாபைட் ஆகும். இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

பலர் கோட்டைவிடுவது கேள்வியில். "அந்தக் காலத்துல தேக்கா எப்படி இருந்துச்சு?" என்றால் எல்லாரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும். கையில் இருப்பதைக் கேளுங்கள். இந்த மல்லிகை எந்த ஊரிலிருந்து வந்தது? ஏன் மொட்டாகவே கட்டுகிறீர்கள்? வாழைநாரா, நூலா? நாரை நனைக்காவிட்டால் ஒடியும், நூலை இறுக்கி இழுத்தால் காம்பு அறுபடும் என்பது போன்ற விவரங்கள் இப்படித்தான் வெளிவரும். உதிரி, சரம், பந்து, கதம்பம் என்று அவர் சொல்லும்போது குறுக்கே பொருள் கேட்காதீர்கள். குறித்துக்கொண்டு கடைசியில் கேளுங்கள். சீன வாடிக்கையாளர் வந்தால் எந்த மொழியில் விலை சொல்கிறார் என்பதையும் கவனியுங்கள். கடையின் குணம் அங்கே நன்றாகத் தெரியும்.

முழத்தை அளக்காமல் திரும்பாதீர்கள். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம், ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். ஆனால் கைக்குக் கை மாறும். அவர் அளந்த சரத்தின் பக்கத்தில் டேப்பை வைத்துப் படம் எடுங்கள். ஒரு முழத்துக்கு எத்தனை முடிச்சு, முடிச்சுக்கு எத்தனை பூ என்று எண்ணி எழுதுங்கள். முடிச்சு போடும் விரல்களை அவர் தோளுக்குப் பின்னாலிருந்து படம் பிடியுங்கள். எதிரிலிருந்து எடுத்தால் இடம் வலம் மாறி, பார்த்துக் கற்பவர் தடுமாறுவார். வாங்க வருபவர்களின் முகம் விழ வேண்டாம்.

கோப்புக்குப் பெயராகத் தேதியையும் கதவு எண்ணையும் போடுங்கள், கடைப்பெயரை அல்ல. பெயர்ப்பலகை மாறினாலும் எண் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒரு வாரத்துக்குள் பிரதியை அக்காவிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். எதையாவது நீக்கச் சொன்னால் அவர் எதிரிலேயே நீக்கிவிடுங்கள்.