அந்தரகங்கைக் குகை: முதலில் பை, பிறகு நீங்கள்

குகை என்றதும் ஆந்திரத்தின் பேலம் குகை மாதிரி விளக்கும் படிக்கட்டும் போட்ட இடம் என்று நினைத்துத்தான் நானும் கிளம்பினேன். கோலாருக்கு மேலே, சதசிருங்க மலையில் உள்ள அந்தரகங்கைக் குகைகள் அப்படியல்ல. கருங்கல் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. அவற்றின் இடுக்குகள்தான் குகை.

பெங்களூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் கோலார் பஸ் கிடைக்கும்; ராமமூர்த்தி நகர் பக்கம் இருப்பவர்கள் கே.ஆர்.புரத்திலேயே ஏறிக்கொள்ளலாம். கோலாரிலிருந்து அடிவாரத்துக்கு ஆட்டோ. வெயில் ஏறுவதற்குள் மலையில் இருக்க வேண்டும் என்பதால் விடிந்ததும் கிளம்பிவிடுங்கள்.

படியேறினால் காசி விசுவேசுவரர் கோயில். கல் நந்தியின் வாயிலிருந்து ஊற்றுநீர் விழுந்துகொண்டே இருக்கும். கையில் பிளாஸ்டிக் பை தொங்கவிட்டால் அது உங்களுடையது அல்ல, குரங்குகளுடையது.

கோயிலைத் தாண்டியதும் பாதை பல கிளையாகப் பிரிகிறது. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். "கவி எல்லிதே?" என்று கேளுங்கள். கன்னடத்தில் கவி என்றால் குகை. பெங்களூர் கவி கங்காதரேசுவரர் பெயரில் இருப்பதும் அதுதான். (என் மனைவி வெகுகாலம் அவரைப் புலவர் என்றே நினைத்திருந்தாள்.)

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். முதல் இடுக்கு இடுப்பளவு உயரம். முதுகுப்பையோடு குனிந்து நுழைந்தேன். பாதி உடம்பு உள்ளே போனதும் பையின் பட்டை மேலே துருத்திய கல்லில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கையில் வேறு வெளிச்சத்துக்காகக் கைப்பேசி. அதை வாயில் கவ்வப் பார்த்தேன். நழுவி இரண்டு கல்லுக்கு நடுவே விழுந்து, கைக்கு எட்டாத ஆழத்தில் எரிந்துகொண்டே கிடந்தது. வழிகாட்டி பின்னாலிருந்து பட்டையை விடுவித்துவிட்டு, "முதலில் பை, அப்புறம் நீங்கள் சார்" என்றார். கைப்பேசியைக் குச்சியால் நெம்பி எடுக்க அரைமணி நேரம் ஆனது.

ஆகவே, வாசலிலேயே பையைக் கழற்றி முன்னால் தள்ளுங்கள், அல்லது உள்ளே நிற்பவரிடம் கொடுங்கள். இறக்கமான இடுக்கில் உட்கார்ந்து, காலை முதலில் விடுங்கள். பாதத்துக்குக் கல் உறுதியாகத் தட்டுப்பட்ட பிறகே கைப்பிடியை விடலாம். இரு கை, இரு கால் என்ற நான்கில் மூன்று எப்போதும் பாறையில் இருக்கட்டும். நெருக்கமான இடத்தில் மூச்சை வெளியே விட்டு நகருங்கள். பயத்தில் இழுத்துப் பிடித்தால் மார்பு விரிந்து இன்னும் இறுகும். திரும்பி ஏற முடியாத பள்ளம் என்று தோன்றினால் இறங்கவே வேண்டாம்.

தலையில் கட்டும் விளக்கு ஆளுக்கொன்று, மாற்று பேட்டரியோடு. கைப்பேசி வெளிச்சத்தை நான் விளக்காகவே கணக்கில் எடுப்பதில்லை. கையுறை போடச் சொல்வார்கள். எனக்குப் பிடிக்காது, கல்லின் சொரசொரப்பு உள்ளங்கைக்குத் தெரிய வேண்டும். முழுக்கால் பேன்ட் மட்டும் கட்டாயம். என் முட்டியைப் பார்த்தால் காரணம் புரியும்.

பின்னர் சேர்த்தது: மழைக்கு மறுநாள் போய் வழுக்கி விழுந்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். வெளிப்பாறை காய்ந்தாலும் உள்ளே நிழலில் பாசி ஈரமாகவே இருக்கும். இரண்டு மூன்று நாள் பொறுங்கள். வௌவால்களைக் கண்டால் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு சத்தமில்லாமல் விலகுங்கள். வனத்துறையின் அனுமதி, நேரக் கட்டுப்பாடு பற்றிக் கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

பருமனானவர்கள் போகலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். என் இடுப்பு 38 அங்குலம், போய் வந்துவிட்டேன். முதல் இடுக்கின் வாயில் நின்று வழிகாட்டியைக் கேளுங்கள். மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு அவரே சொல்லிவிடுவார்.