சட்ட நூலகரிடம் கேட்கக் கூடாத கேள்வி

சட்ட நூலகம் வக்கீல்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துப் போகாமலே இருந்துவிடுவது முதல் தவறு. பொதுமக்களை அனுமதிக்கும் சட்ட நூலகங்கள் பல நாடுகளில் உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் 1832-இல் உருவான சட்டப் பிரிவுகூட அப்படித்தான். அனுமதி உண்டா என்று முன்கூட்டியே ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொண்டால் போதும்.

உள்ளே போன பிறகு நடப்பதுதான் பெரிய தவறு. "இந்த கேஸில் நான் ஜெயிப்பேனா?", "மனுவில் என்ன எழுதட்டும்?" என்று கேட்பார்கள். நூலகர் நாசூக்காக மறுப்பார். உடனே, உதவ மனமில்லை என்று கோபம் வரும். அவர் சட்டமே படித்தவராக இருக்கலாம். ஆனாலும் அந்த மேஜையில் உட்கார்ந்து ஆலோசனை சொல்ல முடியாது. வக்கீலாகப் பதிவு செய்யாதவர் சட்ட ஆலோசனை தருவது பல இடங்களில் குற்றம்.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். "வாடகை முன்பணத்தைத் திருப்பித் தருவது பற்றி எந்தச் சட்டத்தில் இருக்கிறது? எளிமையாக விளக்கும் புத்தகம் உண்டா? மாதிரி மனு கிடைக்குமா?" இப்போது அவரே எழுந்து அலமாரிக்கு நடப்பார். நேரே சட்டப் பிரிவைப் படித்துத் தலையைப் பிய்த்துக்கொள்வதைவிட, முதலில் விளக்க நூல், அப்புறம் சட்டம் என்று போவது நல்லது.

சிலர் விஷயத்தையே சொல்லாமல் "சொத்துச் சட்டம் வேண்டும்" என்பார்கள். அந்தத் தலைப்பில் பல அலமாரிகள் இருக்கும். எதற்காகத் தேடுகிறீர்கள் என்று சுருக்கமாகச் சொல்லுங்கள், வந்த நோட்டீஸையும் எடுத்துப் போங்கள். அதற்காகக் குடும்ப ரகசியம் முழுவதையும் கொட்டவும் வேண்டாம். வக்கீலிடம் சொல்வதற்கு உள்ள சட்டப் பாதுகாப்பு இங்கே கிடையாது.

கையில் கிடைத்த பழைய பதிப்பை நம்புவது இன்னொரு ஆபத்து. பிரிவு திருத்தப்பட்டிருக்கலாம், திருத்தம் நிறைவேறியும் இன்னும் நடைமுறைக்கு வராமல் இருக்கலாம், நமக்குச் சாதகமாகத் தெரியும் தீர்ப்பை மேல் நீதிமன்றம் எப்போதோ ரத்து செய்திருக்கலாம். ஒரு தீர்ப்பு இன்னும் செல்லுமா என்று பார்ப்பதற்கென்றே தனிக் கருவிகள் இருக்கின்றன. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த தீர்ப்புகள் எங்கே மேற்கோள் காட்டின என்று காட்டும் பட்டியலை அமெரிக்காவில் ஷெப்பர்ட் என்பவர் 1873-இல் தொடங்கினார்; அது இன்று கணினியில் வருகிறது. தனியாளாகச் சந்தா கட்டினால் கட்டுப்படியாகாது. நூலகத்தில் இப்படி ஏதாவது ஒரு சேவை இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஏஐ கொடுத்த வழக்குப் பெயரைச் சரிபார்க்காமல் மனுவில் சேர்ப்பது புதிய தவறு. 2023-இல் நியூயார்க்கில், ஏஐ கற்பனையாகத் தந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வக்கீல்களுக்கே 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அந்தப் பெயரை நூலகரிடம் காட்டினால், அப்படி ஒரு தீர்ப்பு இருக்கிறதா என்று தேட உதவுவார்.

காலக்கெடு முடியும் நாளன்று மட்டும் போகாதீர்கள். கிளம்பும்முன், இலவச சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்றும் கேளுங்கள். ஆலோசனைதான் சொல்லமாட்டார், யாரிடம் கேட்கலாம் என்று தாராளமாகச் சொல்வார்.