365 நாள், 365 படம்: பாதியில் நிற்க வைக்கும் தவறுகள்

தினம் ஒரு படம், ஒரு வருடம் முழுக்க. கேட்பதற்கு இதைவிட எளிதான சவால் இருக்காது. கையில் எப்போதும் கேமரா வைத்த போன் இருக்கிறது, ஒரு படம் எடுக்க அரை நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் முப்பது, நாற்பது நாளிலேயே பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் முதலில் வரும் பதில் "நேரமே இல்லைங்க". இன்னும் கொஞ்சம் பேசவிட்டால் வேறொன்று வெளியே வரும்: "எடுக்கிறதெல்லாம் சுமாராத்தான் இருந்தது. எதுக்கு இதுன்னு விட்டுட்டேன்."

விஷயம் அந்த இரண்டாவது பதிலில்தான் இருக்கிறது. "தினமும் ஒரு படம்" என்று தொடங்கியது, அவர்களுக்கே தெரியாமல் "தினமும் ஒரு நல்ல படம்" என்று மாறிப்போயிருக்கிறது. முதலாவதை யார் வேண்டுமானாலும் முடிக்கலாம். இரண்டாவது, இதையே பிழைப்பாகக் கொண்டவர்களாலும் முடியாத காரியம். 36 படம் கொண்ட ஃபிலிம் ரோலில் இரண்டு தேறினாலே சந்தோஷப்பட்டவர்கள் அவர்கள். கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு குழப்பத்தில் முளைத்தவை.

விதி எழுதாமல் தொடங்குவது

ஒரு நாள் என்பது எங்கே முடிகிறது? இரவு 12 மணிக்கா, படுக்கப் போகும்போதா? இரவுப் பணிக்குப் போகிறவருக்கு இந்தக் கேள்வி முதல் வாரத்திலேயே வந்து நிற்கும். விமானப் பயணத்தில் நேர மண்டலம் மாறினால் எந்த ஊர்க் கடிகாரத்தை வைத்துக்கொள்வது? நேற்று எடுத்ததில் மிச்சமிருக்கும் ஒரு அருமையான படத்தை இன்றைய கணக்கில் சேர்க்கலாமா? ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் படமா? வேறொருவர் நம்மை எடுத்துக் கொடுத்தது?

எதற்கும் சரியான விடை என்று ஒன்று கிடையாது. ஆனால் விடையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எண்பதாவது நாள் இரவு, தூக்கம் கண்ணைச் சொக்கும்போது இந்தக் கேள்வி வந்தால், வாதியும் நீதிபதியும் நாமே. தீர்ப்பு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு முறை சலுகை கொடுத்துவிட்டால், பிறகு சவாலின் மீதே மரியாதை போய்விடும்.

என்னைக் கேட்டால் மூன்று விதி போதும்: விழித்ததிலிருந்து தூங்கும்வரை ஒரு நாள், படம் அன்றைக்கு எடுத்ததாக, நானே எடுத்ததாக இருக்க வேண்டும், எந்தக் கேமராவானாலும் சரி. இதற்கு மேல் "கருப்பு வெள்ளை மட்டும்", "50 எம்எம் லென்ஸ் மட்டும்", "தினம் ஒரு புதிய முகம்" என்று அடுக்குவது தொடக்க நாள் உற்சாகத்தின் வேலை. அந்த உற்சாகம் மார்ச் மாதத்தில் உடன் இருக்காது.

சவாலுக்காகப் புதுக் கேமரா வாங்குவதும் ஜனவரி 1 வரட்டும் என்று காத்திருப்பதும் இதே வகைதான். ஒரு சாதாரணப் புதன்கிழமையில் தொடங்கினாலும் வருடம் 365 நாள்தான்.

இரவு பதினொன்றரை மணிப் படம்

இந்தச் சவாலை எடுத்த எவருடைய தொகுப்பையும் திறந்து பாருங்கள். காலிக் கோப்பை, மேசை விளக்கு, கீபோர்டு, போர்வைக்கு வெளியே நீட்டிய சொந்தக் கால்கள் எல்லாம் தவறாமல் இருக்கும். நாள் முழுக்க "நல்லதாக ஏதாவது வரட்டும்" என்று தள்ளிப்போட்டு, கடைசியில் கைக்கெட்டியதை எடுத்ததன் அடையாளங்கள் அவை.

சோம்பேறித்தனம் என்று திட்டிவிட்டுப் போகலாம். ஆனால் இங்கே நடக்கிற உண்மையான கேடு வேறு. இரவில் அறைக்குள் இருக்கும் ஒளி பெரும்பாலும் கூரையிலிருந்து விழும் ஒற்றை விளக்கு. போனில் ஒளியைப் பதியும் சென்சார் சிறியது. போதிய ஒளி கிடைக்காததால் போன் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளிக்கான உணர்திறனை, ஏற்றும், ஷட்டர் வேகத்தைக் குறைத்து அதிக நேரம் ஒளியை உள்ளே விடும். விளைவு, மணல் தூவியதுபோல் ஒரு படம், கை ஆடிய தடம் வேறு. நிறம் மஞ்சள். இப்படி வாரத்துக்கு நாலு படம் சேர்ந்தால், "எனக்கு இது வராது" என்ற முடிவுக்கு வருவது இயல்புதான். கெட்டது எடுத்த நேரம். பழி விழுவது எடுத்தவர்மீது.

இதற்கு எளிய வழி, மதியத்துக்கு முன்பே ஒரு படத்தை எடுத்துவிடுவது. வீடு கைவிட்டுப் போகாமலிருக்க அட்வான்ஸ் கொடுத்து வைப்பதுபோல, அந்தப் படம் அன்றைய நாளைப் பிடித்து வைக்கும். சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. மாலைக்குள் அதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் அதுவே அன்றைய படம். இன்னும் எடுக்கவில்லையே என்ற உறுத்தல் போய்விட்ட பிறகுதான் கண் நிதானமாகச் சுற்றிப் பார்க்கும். மாற்றிக்கொள்ளும்படியான படங்கள் அப்போதுதான் அமைகின்றன.

அந்த முதல் படத்தை ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு காரியத்தோடு கட்டிவிடுவது நல்லது: காலை உணவு முடிந்ததும், அல்லது வீட்டுக் கதவைப் பூட்டியதும். பழக்கம் எப்படி உருவாகிறது என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. அதில் கலந்துகொண்டவர்கள் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு புதிய செயலை, அன்றாடம் நடக்கும் ஒன்றோடு சேர்த்துச் செய்தார்கள். யோசிக்காமலே அது நடக்கும் நிலைக்கு வர ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நடு மதிப்பு 66. ஆகவே 21 நாளில் பழகிவிடும் என்று நம்பி, 25ஆம் நாளும் கஷ்டமாக இருக்கிறதே என்று மனம் உடைய வேண்டியதில்லை.

இரவில்தான் எடுத்தாக வேண்டும் என்ற நாட்களும் வரும். அப்போது கூரை விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கு ஒன்றைப் பக்கவாட்டில் வையுங்கள். போனைப் புத்தக அடுக்கின் மீது சாய்த்து, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். ஒரே கோப்பைதான், ஆனால் நிழல் விழுந்த கோப்பை.

ஒரு நாள் தவறிவிட்டால்

தவறும். காய்ச்சல் வரும், துக்க வீட்டில் நாள் போய்விடும், அல்லது வெறுமனே மறந்துபோகும். மறுநாள் காலையில் நினைவுக்கு வரும்போது மூன்று தவறான வழிகள் கண்முன் நிற்கும். சவாலையே விட்டுவிடுவது, மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து தொடங்குவது, இன்று எடுத்த படத்துக்கு நேற்றைய தேதியைப் போட்டுவிடுவது.

தைவானில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய கலைஞர் தெச்சிங் ஷியே செய்ததை இங்கே சொல்ல வேண்டும். 1980 ஏப்ரல் 11 தொடங்கி ஒரு வருடம், இரவு பகல் பாராமல் மணிக்கொரு முறை, தொழிற்சாலைகளில் இருக்கும் வருகைப்பதிவுக் கடிகாரத்தில் அட்டையைப் பதித்தார். ஒவ்வொரு முறையும் 16 எம்எம் கேமராவில் தன்னை ஒரே ஒரு ஃப்ரேம் எடுத்துக்கொண்டார். மொத்தம் 8,760 முறை பதித்திருக்க வேண்டும். 133 முறை தவறியது. அவர் அதை மறைக்கவில்லை. 94 முறை தூங்கிப்போனது, 29 முறை தாமதம், 10 முறை முன்னதாகவே பதித்தது என்று வகை பிரித்து எழுதி வைத்தார். அந்தக் கணக்கும் படைப்போடு சேர்த்தே பார்க்கப்படுகிறது. 133 ஓட்டைகள் இருப்பதால் அது முழுமையடையவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

மேலே சொன்ன லண்டன் ஆய்விலும் ஒரு முறை தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. எனவே அந்தத் தேதியைக் காலியாக விட்டு, காரணத்தை ஒரு வரியில் குறித்துவிட்டு, இன்றைய படத்தை எடுங்கள். ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்குவது நேர்மை மாதிரித் தெரியும். ஆனால் அப்படிச் செய்பவர்களிடம் முதல் மாதப் படங்கள் மூன்று நான்கு தொகுதி சேருமே தவிர, வருடத்தின் பின்பாதி ஒருபோதும் வராது. கவனிக்க வேண்டியது அடுத்தடுத்து இரண்டு நாள் விடுபடுவதை. மூன்றாம் நாள் போனை எடுக்கவே கூச்சமாக இருக்கும்.

"இதையே எத்தனை தடவை எடுப்பது?"

நூறு நாள் தாண்டியதும் எழும் புலம்பல் இது. அதே ஜன்னல், அதே மரம், அதே தெரு. உடனே இணையத்தில் 365 தலைப்புகள் கொண்ட பட்டியலைத் தேடிப் போவார்கள். எனக்கு அந்தப் பட்டியல்கள்மீது நம்பிக்கை இல்லை. அன்றைய தலைப்பு "பிரதிபலிப்பு" என்று இருந்தால், கண் தண்ணீரையும் கண்ணாடியையும் மட்டுமே தேடும். எதிரே நடக்கிற எல்லாம் தப்பிப்போகும்.

திரும்பத் திரும்ப வருவதுதான் இந்தச் சவாலின் பலமே. அமெரிக்காவைச் சேர்ந்த ஜேமி லிவிங்ஸ்டன் 1979 மார்ச் 31இல் தொடங்கி, போலராய்டு எஸ்எக்ஸ்-70 கேமராவில் தினம் ஒரு படம் எடுத்தார். 1997 அக்டோபர் 25 வரை, அதாவது அவர் இறந்த நாள் வரை, 18 வருடங்களுக்கு மேல். நோவா கலினா 2000 ஜனவரி 11 முதல் தினமும் தன் முகத்தை எடுத்தார். 2006இல் அவற்றைக் கோத்து யூடியூபில் போட்டபோது உலகமே பார்த்தது. இந்த இருவரின் தொகுப்பிலிருந்து ஒரு படத்தைத் தனியாக உருவினால், பெரும்பாலும் அது சாதாரணப் படம்தான்.

ஆனால் இதை நொண்டிச்சாக்காக ஆக்கிக்கொள்வதும் நடக்கிறது. ஒரே ஜன்னலை நூறு முறை பார்க்காமலே எடுப்பது வேறு. இதைப் பிடிக்க மாதம் ஒருமுறை ஒரு காரியம் செய்தால் போதும்: அந்த மாதத்து முப்பது படங்களையும் ஒரே திரையில் சின்னதாக வரிசையாக வைத்துப் பாருங்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது கண்ணில் படாதவை அப்போது பளிச்சென்று தெரியும். எல்லாமே நின்றபடி கண் உயரத்திலிருந்து எடுத்தவை. ஒன்றில்கூட ஆள் இல்லை. எல்லாப் பொருளும் நட்ட நடுவில். எல்லாம் ஒரே தூரத்தில். இவற்றில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்து, அடுத்த மாதம் அதை மட்டும் மாற்றுங்கள். உதாரணமாக, மாதம் முழுக்க முழங்கால் உயரத்திலிருந்து எடுப்பது. தினம் மாறும் தலைப்பைவிட மாதம் முழுக்க நீளும் ஒரு கட்டுப்பாடு அதிகம் கற்றுத் தரும், ஏனென்றால் முதல் வாரத்திலேயே எளிய வழிகள் தீர்ந்துவிடும்.

இந்த மாதாந்திரப் பார்வையைத் தவிர்ப்பவர்கள்தான் வருடத்தை முடித்துவிட்டு "ஒன்றும் முன்னேறவில்லை" என்கிறார்கள்.

லைக்கும் இருப்பிடமும்

எடுப்பது வேறு, பதிவிடுவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் மூன்று லைக் வாங்கிய படம் மறுநாள் காலையைக் கெடுக்கும். பதிவிட விருப்பமென்றால் வாரத்துக்கு ஒருமுறை ஏழையும் சேர்த்துப் போடலாம். வீட்டில் உள்ளவர்களைத் தினமும் லென்ஸ் முன் நிறுத்துவதற்கும், குழந்தைகளின் படத்தைப் பொதுவெளியில் வைப்பதற்கும் ஒரு எல்லை பேசி வைத்துக்கொள்ளுங்கள். தினசரிப் படங்களை அன்றன்றைக்கே இடக்குறிப்போடு போட்டால், எப்போது வீட்டில் இருக்க மாட்டீர்கள் என்று ஊருக்கே அட்டவணை கொடுத்ததாக ஆகிவிடும்.

கோப்புகளில் கோட்டைவிடுவது

யாரும் பேசாத, ஆனால் சவாலையே அழித்துவிடக்கூடிய தவறு இங்கேதான். படங்கள் முழுக்க ஒரே போனில். இருநூறாவது நாள் போன் தண்ணீரில் விழுகிறது.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்பது புகைப்படக்காரர்களிடையே பரவிய பழைய பேக்கப் விதி. போன், ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு கிளவுட் கணக்கு என்று வைத்தாலே விதி நிறைவேறிவிடும். இடம் பெரிய பிரச்சினை இல்லை. படம் ஒன்றுக்கு 5 எம்பி என்றால் வருடம் முழுவதும் 2 ஜிபிக்குள் அடங்கும். கேமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் 25 எம்பி ரா (RAW) கோப்பானாலும் சுமார் 9 ஜிபிதான். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைப்பதைப் பேக்கப் என்று எண்ண வேண்டாம். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதி முதலிய விவரங்களும் கழன்றுவிடும்.

தேர்வை அன்றன்றே முடித்துவிடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து எடுத்து, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் வருடக் கடைசியில் 3,650 படங்கள் காத்திருக்கும். தேர்ந்த ஒன்றைத் தனி ஆல்பத்தில் போட்டு, 2025-03-14 என்ற வடிவில் வருடம், மாதம், நாள் என்று பெயரிட்டால் எந்தக் கணினியிலும் தானாகவே வரிசையில் நிற்கும். தனிக் கேமரா வைத்திருப்பவர்கள் அதன் கடிகாரத்தை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. பேட்டரி நீண்ட நாள் கழன்றிருந்த கேமராக்கள் பழைய வருடத்துக்கே திரும்பிப் போய்விடும். கூடவே ஒரு வரி: எங்கே, எதற்காக எடுத்தது. ஆறு மாதம் கழித்து அந்தக் கதவு யார் வீட்டுக் கதவு என்று படம் சொல்லாது.

முடித்ததும் அழகான பன்னிரண்டை மட்டும் பொறுக்கி எடுத்து, மீதியை மறந்துவிடுவது கடைசித் தவறு. சுமார் படங்களையும் காலித் தேதிகளையும் சேர்த்து, தேதி வரிசையில், சிறிய அளவில் அச்சிடுங்கள். பக்கத்துக்கு 12 வீதம் வைத்தால் 31 பக்கத்தில் முடிந்துவிடும். லீப் வருடமானாலும் அதே 31தான்.