நிசான் 14 எந்தக் கிழமை? பஸ்காவை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் சறுக்கும் இடங்கள்

இயேசு சிலுவையில் அறையப்பட்ட தேதியைத் தேடுபவர்கள் இப்போதெல்லாம் இணையத்தில் ஒரு யூத நாட்காட்டிக் கணிப்பானைத் திறந்து, நிசான் 14 (யூதரின் பஸ்கா பண்டிகை வரும் நிசான் மாதத்தின் 14-ஆம் நாள்), கி.பி. 30 என்று தட்டிப் பார்க்கிறார்கள். உடனே ஒரு கிழமை வந்துவிடும். அதை நம்பி மேலே போவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

இன்றைய யூத நாட்காட்டி முழுக்கக் கணக்கில் ஓடுவது. நான்காம் நூற்றாண்டில் இரண்டாம் ஹில்லேல் அதை வகுத்தார் என்பது மரபு. இன்றைய வடிவம் முழுமையடைய அதற்குப் பிறகும் சில நூற்றாண்டுகள் பிடித்தன என்கிறார்கள் ஆய்வாளர்கள். இரண்டாம் ஆலயம் இருந்த காலத்து நடைமுறை வேறு. ரமலானுக்குத் தலைப்பிறை பார்ப்பதுபோல, பிறையைக் கண்ட சாட்சிகள் எருசலேமுக்கு வந்து சொன்ன பிறகே மாதப் பிறப்பு அறிவிக்கப்பட்டது என்று யூத மரபு சொல்கிறது. வானம் மேகமூட்டமாக இருந்தால் ஒரு நாள் தள்ளிப்போகலாம். பன்னிரண்டு சந்திர மாதங்களுக்கு ஏறத்தாழ 354 நாட்கள்தான் என்பதால், பஸ்கா வசந்த காலத்தை விட்டு நழுவாமல் இருக்க நிசானுக்கு முந்தைய மாதமான ஆதாரை அவ்வப்போது இரண்டாகச் சேர்த்தார்கள். அதையும் வாற்கோதுமை விளைந்திருக்கிறதா என்பதைப் போன்றவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இன்றைய விதிப்படி நிசான் 15 திங்கள், புதன், வெள்ளியில் வரவே வராது. ஆனால் மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் கடைசி இராப்போஜனத்தைப் பஸ்கா விருந்தாகவே காட்டுகிறார்கள். அப்படியானால் சிலுவையில் அறைந்த வெள்ளி நிசான் 15. யோவான் 18:28-இலோ, ஆலயத் தலைவர்கள் பஸ்காவை இனிமேல்தான் உண்ண வேண்டும். அதாவது அதே வெள்ளி நிசான் 14. கணிப்பானைக் கேட்டால், வாதத்தையே கேட்காமல் யோவான் பக்கம் தீர்ப்பு சொல்லிவிடும்!

இதை யோசிக்கும்போது நாள் எப்போது தொடங்குகிறது என்பதையும் மறக்கக் கூடாது. யூதர்களுக்குச் சூரியன் மறைந்தால் அடுத்த நாள். 14-ஆம் தேதி பிற்பகல் ஆட்டுக்குட்டியை அடித்து, இரவில் உண்ணும்போது தேதி 15 ஆகிவிடும். வியாழன் இரவு உணவும் வெள்ளி மாலை மரணமும் ஒரே யூத நாளுக்குள் அடங்கும். பல அட்டவணைகளில் ஒரு நாள் இடிப்பது இதனால்தான்.

சரி, இந்த முரணை எப்படித் தீர்ப்பது? சாக்கடல் ஓரம் வாழ்ந்த யூதப் பிரிவான கும்ரான் குழுவினரின் 364 நாள் நாட்காட்டியில் நிசான் 15 எப்போதும் புதன்கிழமை. ஆகவே இயேசு செவ்வாய் இரவே பஸ்கா உண்டார் என்று சிலர் சொல்வதுண்டு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அவர் அந்த நாட்காட்டியைப் பின்பற்றினார் என்பதற்குச் சுவிசேஷங்களில் ஒரு தடயமும் இல்லை. முரணை முரணாகவே விட்டுவிடுவது நேர்மை. பிலாத்து ஆட்சி செய்த கி.பி. 26–36-க்குள், வானியல் கணக்கில் நிசான் 14 வெள்ளியாக அமைவதாகப் பெரும்பாலும் காட்டப்படுபவை கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3. பிறை ஒரு நாள் பிந்தித் தெரிந்திருந்தால் இவையும் ஆடும்.

பஸ்காவிலிருந்து ஐம்பது நாள் எண்ணி வரும் பண்டிகையான பெந்தெகொஸ்தேயையும் இன்றைய யூத நாட்காட்டியின் சீவான் மாதம் 6-ஆம் தேதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. அக்காலத்தில் இரு யூதப் பிரிவுகள் இருந்தன. அவற்றில் பரிசேயர் நிசான் 16-இலிருந்து ஐம்பது நாட்களை எண்ணினார்கள். சதுசேயர் பஸ்கா வாரத்து ஓய்வுநாளுக்கு மறுநாளான ஞாயிற்றிலிருந்து எண்ணினார்கள். வெள்ளி நிசான் 14 என்றால் இரண்டு எண்ணிக்கையும் ஒரே ஞாயிற்றில் முடியும். வெள்ளி 15 என்றால் பரிசேயர் கணக்கில் பெந்தெகொஸ்தே சனிக்கிழமை. அப்போஸ்தலர் 2 சொல்லும் பெந்தெகொஸ்தே நாளை "ஞாயிற்றுக்கிழமை" என்று சொல்லுமுன் இதைக் கவனிக்க வேண்டும்.

இயேசுவின் மூன்றரை வருட ஊழியம் என்பதும் நேரடி வசனம் அல்ல. யோவானில் மூன்று பஸ்காக்கள் உண்டு (2:13, 6:4, 11:55). 5:1-இல் வரும் பெயரில்லாத பண்டிகையையும் பஸ்காவாக்கினால்தான் நான்கு. மற்ற மூவரும் ஊழியக் காலத்தில் சொல்வது ஒரே பஸ்கா. ஆலயத்தைச் சுத்திகரித்ததை யோவான் முதல் பஸ்காவிலேயே வைக்கிறார், மற்றவர்கள் கடைசி வாரத்தில் வைக்கிறார்கள். ஆக, யோவானின் வரிசையே கால வரிசைதானா என்ற கேள்வியும் இருக்கிறது.

பண்டிகைகள் நன்றாக உதவும் இடம் பவுலின் பயணங்கள். புளிப்பில்லாத அப்பப் பண்டிகை முடிந்து பிலிப்பியிலிருந்து கப்பல் ஏறுகிறார், பெந்தெகொஸ்தேக்குள் எருசலேம் சேர அவசரப்படுகிறார் (அப். 20:6, 16). 27:9-இல் கழிந்துபோன "உபவாச நாள்" பாவநிவிர்த்தி நாள், அதாவது செப்டம்பர்–அக்டோபர். அதற்கு மேல் கடற்பயணம் ஆபத்து. பருவம் தெளிவாகத் தெரிகிறது; ஆண்டை மட்டும் இதிலிருந்து பிழிந்தெடுக்க முடியாது.

அப்புறம், இயேசு பிறந்த நாளைக் கணிக்க எடுக்கப்படும் அபியா முறை (லூக்கா 1:5): யோவான் ஸ்நானகனின் தந்தை சகரியா அபியா என்ற ஆசாரியப் பிரிவைச் சேர்ந்தவர். ஆசாரியர்களின் 24 பிரிவுகளும் முறைவைத்து ஆண்டுக்கு இரு முறையாவது ஆலயப் பணி செய்தன. சகரியாவுக்குத் தரிசனம் கிடைத்தது எந்த முறை என்று லூக்கா சொல்லவில்லை. அதன்பின் எத்தனை நாளில் அவர் மனைவி எலிசபெத்து கருத்தரித்தாள் என்பதையும் சொல்லவில்லை. டிசம்பர் 25-ஐ நிரூபிப்பவர்களும், இல்லை, கூடாரப் பண்டிகையில்தான் இயேசு பிறந்தார் என்பவர்களும் இதே வசனத்திலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறார்கள்.